மணியார்டரை வாங்கியது எந்த முனியாண்டி?

மணியார்டர் எழுதுவது சுலபம், அனுப்புவது அதைவிடச் சுலபம். அதைச் சரியான ஆளின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

என் உத்தியோகம் முழுக்க மலேசியாவின் ஜொகூரில், கூலாய்க்கும் பாலோவுக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சின்னத் தபால் நிலையங்களில் கழிந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பசாரில் பார்த்தால், “கிராணியம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார்கள்; கிளார்க்கை அங்கே கிராணி என்பார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. உங்களில் யாராவது வங்கியிலோ, மருந்துக் கடையிலோ, பஸ் டிக்கெட் விற்கிற இடத்திலோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் இருந்தால் நாமெல்லாம் ஒரே கட்சி. மற்றவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று எங்களைத் திட்டிய கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் படிக்கலாம்.

ரெண்டாவது கவுண்டர்

எங்கள் நிலையத் தலைவர் எஞ்சே ரஹிம், மலாய்க்காரர்; எஞ்சே என்றால் ஐயா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலாய்க்குத் தாவிவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு மணியார்டரை மேசையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார். எங்கள் பக்கம் மணியார்டர் தாள் கடித உறையில் வரும்; அதைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து காட்டித்தான் பணம் வாங்கவேண்டும்.

பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை, கையெழுத்து மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால், பிறகு வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று தெரிந்தாலும் ஆபிஸ் பொறுப்பேற்காது, கொடுத்த கிளார்க்கும் தப்பிக்கலாம். மூன்றில் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருந்தால் கிளார்க்கின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் பாடம்.

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. “அப்போ ஏமாத்தி வாங்கினவனை ஒண்ணும் செய்யமாட்டாங்களா?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவன் எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது. நீ எங்க இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும், சாந்தி. ரெண்டாவது கவுண்டர்.”

அங்கம்மாவின் ரேகை

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்குவோம். நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால், பணம் வாங்கியது இவர்தான் என்று காட்ட அந்த ரேகைதான் எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம். ரப்பர் பாலுக்காகப் பால் மரம் வெட்டுகிற அங்கம்மா வந்தால் மட்டும் நான் மையோடு சோப்பையும் எடுத்து வைத்துக்கொள்வேன். பாசிர் கூடாங்கில் வேலை செய்த மகன் தவறாமல் பணம் அனுப்புவார். அந்தம்மாவும் தவறாமல் வந்து விரலை வைப்பார். தாளில் விழுவது ஒரு கறுப்புத் திட்டு. ஒரு கோடு இருக்காது. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுவேன், துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுவேன், இடது கையை வைக்கச் சொல்லுவேன். திட்டுதான்.

ஒருநாள் ஜொகூர் பாருவிலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். தமிழர்தான், இளவயசு, மடிப்புக் கலையாத சட்டை. அங்கம்மாவின் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்து, “இது ரேகையா, மை கொட்டினதா? நாளைக்கு இவங்க வந்து நான் வாங்கவே இல்லன்னு சொன்னா, யாருங்க கட்டுறது?” என்று என்னைப் பிடித்தார். என் நல்ல நேரம், அங்கம்மா அப்போது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். அதிகாரி அவருடைய பெருவிரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உளிக் கத்தி பிடித்துக் காய்ச்சுப் போய், பால் உறைய ஊற்றும் திராவகம் பட்டுப் பட்டு, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. “என்னம்மா, உங்க கையில ரேகையே இல்லையே?” என்றார்.

அங்கம்மா கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். “கையில இருந்தா தரமாட்டனா தம்பி? எல்லாம் பால் மரத்துலதான் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த மரத்தையும் சாய்ச்சிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுட்டாங்களே.”

அரிசி மூட்டை

லாரி ஓட்டுகிற மாரிமுத்துவுக்கு சிங்கப்பூரில் இருந்த அண்ணன் எப்போதாவது பணம் அனுப்புவார். ஒருமுறை அவர் கண் சிவக்க வந்து, “என் பணத்தை யாரோ வாங்கிட்டாங்க! யாருக்கு லா கொடுத்தீங்க?” என்று முதல் கவுண்டரைத் தட்டினார். அங்கே இருந்தவள் மிஸ் லியான். தாளைத் தேடி எடுத்தோம். பின்பக்கத்தில் ‘என் மனைவியிடம் கொடுக்கவும்’ என்று எழுதி மாரிமுத்துவே கையெழுத்துப் போட்டிருந்தார். மனைவியின் ஐசி நம்பரை லியான் அழகாகக் குறித்துவைத்திருந்தாள். எல்லாம் விதிப்படி.

மாரிமுத்து அதை வெகுநேரம் பார்த்தார். “கையெழுத்து என்னுதுதான். ஆனா போட்டது நான் இல்ல” என்றார். ஆபிஸே சிரித்துவிட்டது. விஷயம் இதுதான்: காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது மனைவி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எழுந்ததும் மறந்துவிட்டார். மறந்துவிட்டு நேராகச் சம்சுச் சாராயக் கடையில் கடன் சொல்லிக் குடித்துவிட்டு, மணியார்டரை நம்பி இங்கே வந்திருக்கிறார். “தப்பான ஆளுக்குக் கொடுத்துட்டு நியாயம் பேசுறீங்களா? பெரிய ஆபிசுக்கு எழுதுறேன் பாருங்க!” என்று அவர் மறுபடி ஆரம்பித்தபோது அவருடைய மனைவி சரோஜா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அரிசி மூட்டை.

மூட்டையை நிதானமாகக் கீழே இறக்கிவைத்துவிட்டு அவள் சொன்னாள்: “தப்பான ஆளு வாங்குனதாலதான் இது அரிசியா வந்து நிக்குது. சரியான ஆளு வாங்கியிருந்தா இந்நேரம் வாந்தியா போயிருக்கும்.”

கோழிக்காரம்மா

நம்மவர்களுக்கு வீட்டில் ஒரு பெயர், ஐசியில் ஒரு பெயர். பணம் அனுப்புகிற பிள்ளைகள் வீட்டுப் பெயரைத்தான் எழுதுவார்கள். ‘செவத்தம்மா’ என்று ஒரு மணியார்டர் வந்தது. கொண்டுவந்த அம்மாளின் ஐசியில் ‘லெட்சுமி’ என்று இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கொடுக்கலாம். ஆனால் பின்னால் வில்லங்கம் வந்தால் சாட்சிதான் பணத்தைக் கட்டவேண்டும். அதனால் சாட்சி என்றதும் பசாரே காலியாகிவிடும்.

அந்த அம்மாள் ஒரே ஒருவரைத்தான் நம்பினார். பக்கத்துத் துணிக்கடைச் செட்டியார். அவருடைய தாத்தா காலத்திலேயே செட்டிநாட்டிலிருந்து வந்து கடை போட்டவர்கள். செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தாளைப் படித்தார், அம்மாளைப் பார்த்தார், மறுபடி தாளைப் படித்தார். “இவங்க பேரு செவத்தம்மாவா? லெட்சுமியா? எனக்கு ரெண்டும் புதுசா இருக்கே. கடையில நாங்க கோழிக்காரம்மான்னுல்ல சொல்லுவோம்” என்றார். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. ஒரு வாரமாக அலைகிறார். மகள் பிரசவத்துக்கு மருமகன் அனுப்பிய பணம் அது.

செட்டியார் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரைச் சாப்பையும் குத்திவிட்டு என்னிடம் நீட்டினார். “ஆளுக்கு நான் பொறுப்பு, எழுதிக்குங்க. பேருக்கு மட்டும் அவங்க அப்பாதான் பொறுப்பு.”

யாருமே தப்பு செய்யாத வழக்கு

எல்லாமே இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. தோட்டத்தில் கங்காணி மாதிரி மண்டோராக இருந்த ஒருவரின் விதவை ராஜம்மா. மகளுக்கு ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரித் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைக்கு ராஜம்மாவின் அண்ணன் பணம் அனுப்பியதாகச் சொல்லியிருந்தார். வரவில்லையே என்று விசாரிக்க வந்தபோதுதான் தெரிந்தது, யாரோ ஒரு பெண் ராஜம்மாவின் ஐசியைக் காட்டி ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ராஜம்மாவின் ஐசி சில மாதங்களுக்கு முன் பஸ்ஸில் கைப்பையோடு தொலைந்துபோயிருக்கிறது. போலீசில் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் ஒட்டுக்கடை டீ மேசையில்தான் குவிந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பணம் கொடுத்தது ஃபௌசியா, மூன்றாவது கவுண்டர். வயிற்றில் ஏழு மாதம். விசாரணை முடிகிறவரை அவள் மீ கோரெங் நூடுல்ஸ் கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. “சாந்தி, மங்கிப்போன படம், முக்காடு போட்டுக்கிட்டு ஒருத்தி வந்தா, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் முடிவு வந்தது. பெயர் சரி, ஐசி நம்பர் சரி, கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. ஃபௌசியா மேல் குற்றம் இல்லை, ஆபிஸ் மேலும் இல்லை. ஃபௌசியா மேசையில் தலை வைத்து அழுதாள். சந்தோஷ அழுகைதான். ஆனால் அந்த முடிவை ராஜம்மாவிடம் சொல்லவேண்டியவள் நான். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்போ யாருமே தப்புப் பண்ணல. என் பணம் மட்டும் தானா நடந்து போயிருச்சு. அப்படித்தானே தங்கச்சி?” என்றார்.

அவர் போன பிறகு ஃபௌசியா ஒரு பழைய உறையில் தன்னுடைய பணத்தைப் போட்டு என் மேசையில் வைத்தாள். லியான் அதில் போட்டாள், நான் போட்டேன், எஞ்சே ரஹிம் யாரும் பார்க்காத மாதிரி போட்டார். முழுத் தொகை சேரவில்லை. பாதிக்கு மேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் ஃபௌசியாவும் ராஜம்மா வீட்டுக்குப் போனோம். “ஆபிஸ்ல கொடுக்கச் சொன்னாங்க” என்றேன். ராஜம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார். “ஆபிஸ் பணத்துக்கு சாப்பு இருக்கும். இதுல மீ கோரெங் வாசம்தான் அடிக்குது” என்றார். ஃபௌசியாவின் வயிற்றைப் பார்த்தார். உள்ளே போய் மகளின் பேனாவை எடுத்துவந்தார்.

“வாங்கிக்கிறேன். ஆனா ஒரு தாள்ல என் கையெழுத்தை வாங்கிட்டுத்தான் கொடுக்கணும். நாளைக்கு இதையும் வேற ஒருத்தி வாங்கிட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க.”

இரண்டு முனியாண்டிகள்

ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டிகள் இருந்தார்கள். ஒருவர் டிராக்டர் ஓட்டுகிறவர். இன்னொருவர் வயதானவர், தோட்டத்து வாசலில் காவல். இரண்டு பேருடைய மகன்களும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போனவர்கள். ஒரு வித்தியாசம்: டிராக்டர் முனியாண்டியின் மகன் மாதாமாதம் கடிதம் போடுவான். காவல்கார முனியாண்டியின் மகன் போன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அவருடைய மனைவி தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு வருவார், அது கடந்து போனதும் உள்ளே போய்விடுவார் என்று சொல்வார்கள்.

ஒருநாள் காவல்கார முனியாண்டி ஒரு மணியார்டரோடு என் கவுண்டருக்கு வந்தார். பெயர் முனியாண்டி, தோட்டம் அதே தோட்டம், ஐசி சரி. அப்பா பெயர் எழுதப்படவில்லை. உறைக்குள் கடிதமும் இல்லை. “யாரு அனுப்பியிருக்கான்னு போட்டிருக்கும்மா?” என்று கேட்டார். ஏதோ ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருந்தது. படித்துச் சொன்னேன். “கம்பெனி வழியா அனுப்பியிருக்கான்” என்றார். அவர் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நான் குனிந்து நோட்டுகளை எடுத்து வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. நேராகச் செட்டியார் கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அதை எனக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டிராக்டர் முனியாண்டி வந்தார். கையில் மகனின் கடிதம். பட்டறையில் காலில் அடிபட்டுப் படுத்திருக்கிறான், கம்பெனி நேராக அப்பா பெயருக்குப் பணம் அனுப்பியிருக்கிறது. எஞ்சே ரஹிம் தாளை எடுத்துப் பார்த்தார். “நீ எல்லாம் சரியாத்தான் பார்த்திருக்கே. அப்பா பேரு போடாதது அனுப்பினவங்க தப்பு. நமக்குப் பொறுப்பு இல்ல” என்றார். சொல்லிவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். பிறகு காடிச் சாவியை, கார் சாவியைத்தான், எடுத்தார். “வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

நாங்கள் மூன்று பேரும் காடியிலிருந்து இறங்கியபோது காவல்கார முனியாண்டி வாசல் கொட்டகையில் இருந்தார். டிராக்டர் முனியாண்டியைப் பார்த்த உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. “எனக்கு இங்கிலீசுல என் பேரை மட்டும்தான் படிக்கத் தெரியும். என் பேரு இருந்துச்சு” என்றார். இடுப்பிலிருந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மிச்சப் பணத்தை நீட்டினார். சேலையும் கொஞ்சம் மளிகையும் தவிர எல்லாம் அப்படியே இருந்தது. மகன் அனுப்பிய பணத்தைச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லைபோல. எதிரே லயத்து வீட்டு வாசலில் அவருடைய மனைவி அந்தப் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, முந்தானையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “காப்பி போடட்டுமா?” என்று கூப்பிட்டுக் கேட்டார்.

காவல்கார முனியாண்டி என் பக்கம் திரும்பி, “மிச்சத்தை மாசாமாசம் கட்டிடறேன் கிராணியம்மா. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பையன் அனுப்பினதாவே இருக்கட்டும்” என்றார். எஞ்சே ரஹிம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டிராக்டர் முனியாண்டி கைக்குட்டைப் பணத்தை வாங்கிக்கொண்டார், மகனுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும், வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் சேலையைக் காட்டி, “அதுக்கு ஒண்ணும் கட்டவேணாம் அண்ணே” என்றார்.

பிறகு எங்களுக்கு முன்னால் நடந்து போய், அந்த அம்மாளைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “காப்பி போடுங்கக்கா, குடிச்சிட்டே போறோம். முனியாண்டி மகன் சிங்கப்பூர்லேருந்து பணம் அனுப்பியிருக்கான், சும்மாவா!”

அந்தப் பக்கம் ஆள் இல்லை

இப்போது நான் செனாயில் தாமான் என்கிற ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோமதிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன மாதம் மகளுக்கு ஹாஸ்டல் பணம் அனுப்பும்போது கைபேசியில் ஒரு நம்பரை மாற்றித் தட்டிவிட்டாள். பணம் யாரோ ஒரு புண்ணியவானுக்குப் போய்விட்டது. ‘பெயரைச் சரிபார்க்கவும்’ என்று திரையில் வந்திருக்கிறது. அவசரத்தில் இவள் பார்க்கவில்லை. உதவி நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

“நீங்க தபால் ஆபிஸ் ஆளுதானே, ஏதாவது வழி சொல்லுங்க” என்று கைபேசியை என்னிடம் கொண்டுவந்தாள். போலீசில் ஒரு புகார் கொடு, வங்கிக் கிளைக்கு நேரில் போ என்றேன். போனாள். இரண்டு வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது, வாங்கியவர் மலாக்காவில் நாசி லெமாக் சோறு விற்கிற நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “திட்டுறதுக்காவது அந்தப் பக்கம் ஒரு மூஞ்சி இருந்திருக்கலாமே அக்கா.”

இப்போதெல்லாம் என் பென்ஷன் நேராக வங்கிக் கணக்கில் விழுந்துவிடுகிறது. நான்தான் சாந்தி என்று யாரிடமும் நிரூபிக்கவேண்டியதில்லை என்பது நிம்மதியா குறையா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.